சேராமல் விட்ட படிப்பும் ஆறாத வருத்தமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில் நாளிதழ்களில் இரண்டு வகைக் கட்டுரைகள் அடுத்தடுத்து வருவதைப் பல ஆண்டுகளாகக் கவனித்துவருகிறேன். எந்தப் படிப்பில் சேர்ந்தால் எந்த வேலைக்குப் போகலாம் என்று சொல்பவை ஒரு வகை. கல்லூரி வாசலை மிதிக்காமலேயே உயர்ந்தவர்களின் வாழ்க்கையைச் சொல்பவை மற்றொரு வகை. இரண்டாவது வகைக் கட்டுரை கண்ணில் பட்டால் நான் படிக்காமல் விட்டதில்லை. 18 வயதில் இயற்பியல் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்தும் சேராமல் விட்டவன் நான். அந்த முடிவு சரியானதுதான் என்று அச்சில் யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்ற ஏக்கத்தோடுதான் அவற்றை இத்தனை காலமும் படித்தேன் என்பதை 57 வயதில் ஒப்புக்கொள்கிறேன். அவை தந்த ஆறுதல் ஒரு நாளைக்கு மேல் தங்கியதில்லை. ஏன் தங்கவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். வறுமையாலும், நோயாலும், குடும்பச் சுமையாலும், பெண்ணாகப் பிறந்த ஒரே காரணத்தாலும் படிப்பு மறுக்கப்பட்டவர்கள் உலகெங்கும் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நேர்ந்தது அநீதி. அதைத் தனிமனிதரின் வருத்தம் என்று பெயரிட்டு ஒதுக்குவது அந்த அநீதியை இரண்டாம் முறை செய்வதாகும். என் நிலை அதுவல்ல. வீட்டில் எல்லோரும் படி என்றுதான் சொன்னார்கள். கட்டணத்துக்கு அண்ணன் பணம் புரட்டி வைத்திருந்தார். ஆனால் பள்ளி விடுமுறைகளில் பழகிய, இரும்பைச் சுழற்றிக் கடையும் லேத் எந்திர வேலை அதற்குள் என் கைக்கு வந்துவிட்டிருந்தது. மாதம் முடிந்தால் சம்பளமும் வந்தது. மூன்று ஆண்டுகளைப் புத்தகத்தோடு கழித்தாலும் கடைசியில் இதே பட்டறைக்குத்தானே வரப்போகிறேன் என்று அண்ணனிடம் வாதாடினேன். சேர்க்கைக் கடிதத்தில் குறித்திருந்த கடைசி நாளன்று இரவுப் பணிக்குப் போனேன். காலையில் வீடு திரும்பியபோது, அம்மா அந்தக் கடிதத்தை மடித்து என் பள்ளிச் சான்றிதழ்களோடு சேர்த்து வைத்திருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வயதில் எனக்கு இதில் ஒரு துளி வருத்தமும் இருந்ததில்லை. என்னோடு படித்தவர்கள் தேர்வுக்குப் பயந்துகொண்டிருந்தபோது நான் ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குல நுட்பத்தில் இரும்பைக் கடைந்துகொண்டிருந்தேன். அந்தப் பெருமிதம் பொய்யானதன்று. 30 வயதைத் தாண்டிய பிறகுதான் எங்கோ ஓர் இடத்தில் உறுத்தல் தொடங்கியது. 48 வயதில் நடந்த ஒரு நிகழ்ச்சி அந்த உறுத்தலின் முகத்தை எனக்குக் காட்டியது.

நீளமான உருளை ஒன்றின் உட்புறத்தை ஆழமாகக் கடைய வேண்டியிருந்தது. இதற்குப் போரிங் பார் என்னும் நீண்ட எஃகுத் தண்டின் நுனியில் வெட்டும் டூலைப் பொருத்தி, அதை உருளைக்குள் செலுத்துவோம். உள்ளே போகப் போக டூல் அலறத் தொடங்கியது. வெளியே எடுத்துப் பார்த்தால் உட்சுவர் முழுதும் அலை அலையாகத் தழும்பு. வேகத்தைக் குறைத்தேன், வெட்டின் ஆழத்தைக் குறைத்தேன், டூலைப் புதிதாகச் சாணை பிடித்தேன். பலனில்லை. அரை நாள் போனபின், தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அளவைக் குறைத்து, இரு பக்கத்திலிருந்தும் பாதி பாதியாகக் கடைந்து முடித்தேன். தண்டு நீண்டால் அலறும் என்பது 30 ஆண்டுகளாகக் கைக்குத் தெரிந்த விஷயம்தான். எவ்வளவு நீண்டால் எவ்வளவு அலறும் என்பது தெரியாது. ஒவ்வொரு முறையும் தட்டுத் தடுமாறித்தான் கண்டுபிடிப்பேன்.

புதிதாகச் சேர்ந்திருந்த இளம் பொறியாளர் ஒருவர் இதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு ஒரு சாக்குக் கட்டியை எடுத்து இரும்புப் பலகையில் மூன்று வரி எழுதினார். நுனியில் விசை தாங்கும் தண்டு எவ்வளவு வளையும் என்பது அதன் நீளத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. நீளம் இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்காகிவிடும். விட்டத்துக்கோ நான்காம் அடுக்கு. தண்டின் விட்டத்தை இரட்டிப்பாக்கினால் வளைவு பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். டூல் ஒரு சுற்றில் விட்டுச்சென்ற அலையின் மேலேயே அடுத்த சுற்றில் ஏறி இறங்குவதால் அதிர்வு தன்னைத் தானே வளர்த்துக்கொள்கிறது என்பதையும் விளக்கினார். என் வாழ்நாள் அனுபவம் முழுதும் அந்த மூன்று வரிகளுக்குள் அடங்கிக் கிடந்தது. முதலில் எனக்கு வந்தது மகிழ்ச்சி. வேறு எந்த உணர்ச்சியும் அப்போது இல்லை. அந்த மகிழ்ச்சியிலேயே கேட்டேன்: "ஏன் மூன்றாம் அடுக்கு? ஏன் இரண்டில்லை?" அவர் சாக்குக் கட்டியை மீண்டும் எடுத்தார், தொகையிடல் (இன்டக்ரேஷன்) என்னும் கணக்கு முறையின் நீண்ட குறியைப் பலகையில் வரைந்தார், திரும்பி என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "அது கொஞ்சம் பெரிய கணக்குங்க ஐயா, அப்புறம் சொல்றேன்" என்று மரியாதையாகவே சொல்லிவிட்டுப் பலகையைத் துடைத்தார்.

அந்தப் பிள்ளை மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. என் முகத்தில் அவர் கண்டது உண்மைதான். ஆனால் அவர் கை நின்ற இடம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. நான் இழந்தது பட்டமோ பதவியோ மட்டும் என்றால் அது எப்போதோ ஆறியிருக்கும். என் சொந்தக் கைக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றி நானே கேட்ட கேள்விக்கு, விடை இருக்கும் மொழியில் நான் எழுத்தறியாதவனாக நின்றேன். அதுதான் இழப்பு.

இதே இடத்தில் உலகமே போற்றும் ஒருவர் நின்றிருக்கிறார் என்பதைப் பிறகு அறிந்தேன். இங்கிலாந்து அறிவியலாளர் மைக்கேல் ஃபாரடே 14 வயதில் புத்தகம் கட்டும் தொழிலுக்குப் பயிற்சியாளாகப் போனவர், பல்கலைக்கழகத்தில் பயிலாதவர். கட்டுவதற்கு வந்த புத்தகங்களைப் படித்தே அறிவியல் கற்றார். 1812-இல் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு, குறிப்பெடுத்து, தானே கட்டிய ஏடாக அவருக்கு அனுப்பிவைத்து, அடுத்த ஆண்டு லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் அறிவியல் நிறுவனத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். 1831-இல் அவர் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல், அதாவது மாறும் காந்தப்புலம் மின்சாரத்தை உண்டாக்குவது, இல்லையென்றால் இன்றைய மின்னாக்கிகள் இல்லை. பட்டமில்லாமல் சாதித்தவர்களின் பட்டியலில் அவர் பெயர் தவறாமல் இடம்பெறும். ஆனால் கதையின் மறுபாதியை யாரும் எழுதுவதில்லை. ஃபாரடேக்கு உயர்கணிதம் தெரியாது. மின்விசையும் காந்தவிசையும் பரவும் விதத்தைக் காட்ட அவர் கற்பனை செய்த விசைக்கோடுகளைக் கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்ற ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் கணிதத்தில் எழுதிக் காட்டியபோது, 65 வயதைக் கடந்திருந்த ஃபாரடே 1857-இல் அவருக்குக் கடிதம் எழுதினார்: கணிதவியலாளர்கள் தங்கள் முடிவுகளைப் புரியாத சித்திர எழுத்திலிருந்து பொதுமொழிக்கு மாற்றித் தரக்கூடாதா, தந்தால் எங்களைப் போன்றவர்களும் அவற்றை வைத்துச் சோதனை செய்வோமே என்பது அதில் அவர் கேட்டதன் சாரம். அத்தனை பெரிய மனிதரின் அந்த ஒரு வேண்டுகோளைப் படித்த அன்று நான் நெடுநேரம் எழுந்திருக்கவில்லை.

பட்டமில்லாமல் உயர்ந்தவர்கள் என்று சொல்லப்படும் இக்காலப் பெயர்களைப் பற்றியும் ஒரு சொல். பில் கேட்ஸ் 1975-இல் ஹார்வர்டை விட்டு வெளியேறினார். வெளியேறுவதற்கு முன் அவர் உள்ளே போயிருந்தார் என்பதையும், அவருடைய மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் முதல் மென்பொருளை உருவாக்க அங்கிருந்த கணினியே பயன்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஸ்டீவ் ஜாப்ஸ் 1972-இல் ரீட் கல்லூரியில் ஒரு பருவத்தோடு படிப்பை விட்டார். ஆனால் விட்ட பிறகும் அதே வளாகத்தில் தங்கி, விருப்பப்பட்ட வகுப்புகளில் போய் உட்கார்ந்தார். அங்கே கற்ற அழகெழுத்துக் கலைதான் பின்னாளில் மெக்கின்டாஷ் கணினியின் அழகிய எழுத்துருக்களுக்கு வழிவகுத்தது என்று 2005-இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களிடம் அவரே சொன்னார். கதவைத் திறந்து உள்ளே போய், வேண்டியதை எடுத்துக்கொண்டு திரும்பியவர்கள் இவர்கள். கதவருகே வந்து திரும்பிவிட்ட 18 வயதுப் பையனுக்கு இவர்களை முன்மாதிரியாகக் காட்டுவது பெரும் பிழை.

வருத்தம் ஏன் காலம் கடந்து வருகிறது என்ற கேள்வி என்னை நெடுநாள் வாட்டியது. உளவியலாளர்கள் இதை ஆராய்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தபோது எனக்கு வியப்பும் ஒருவித நிம்மதியும் ஏற்பட்டன. தாமஸ் கிலோவிச், விக்டோரியா மெட்வெக் ஆகிய இருவரும் 1994-லும் 1995-லும் வெளியிட்ட ஆய்வுகளின்படி, அண்மைக் காலத்தைப் பொறுத்தவரை நாம் செய்துவிட்ட காரியங்களே அதிகம் வலிக்கின்றன. வாழ்க்கை முழுவதையும் திரும்பிப் பார்க்கும்போதோ செய்யாமல் விட்டவையே அதிகம் வலிக்கின்றன. செய்த தவற்றுக்கு ஓர் எல்லை உண்டு; அதன் விளைவு தெரிந்துவிடும், ஓரளவு சரிசெய்யவும் முடியும். செய்யாமல் விட்டதற்கு எல்லையே இல்லை. அது எப்படியெல்லாம் ஆகியிருக்கலாம் என்று மனம் வாழ்நாள் முழுதும் புதிது புதிதாக வரைந்துகொண்டே இருக்கும்.

அதைவிட என்னைத் தொட்டது நீல் ரோஸ், ஏமி சம்மர்வில் ஆகியோர் 2005-இல் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்கர்களின் வருத்தங்களைப் பற்றி அதுவரை வந்திருந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் முதலிடத்தில் நின்றது கல்வி. தொழிலும் காதலும் பிள்ளை வளர்ப்பும் அதற்குப் பின்னரே வந்தன. 2011-இல் ரோஸ் வேறொருவரோடு சேர்ந்து பொதுமக்களிடையே நடத்திய ஆய்வில் காதலும் குடும்பமும் முந்திக்கொண்டன என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் உயர்கல்வி வாய்க்காதவர்களிடம் கல்வி பற்றிய வருத்தம் மிகுந்திருப்பதை அந்த ஆய்வும் காட்டியது. 2005 ஆய்வாளர்கள் தந்த விளக்கம்தான் முக்கியம். மூடிப்போன கதவைப் பற்றி மனம் நாளடைவில் சமாதானமாகிவிடுகிறது. இன்னும் திறந்திருக்கும் கதவைப் பற்றித்தான் வருந்திக்கொண்டே இருக்கிறது. கல்வி எந்த வயதிலும் திரும்பச் சேரக்கூடியதாக இருப்பதால்தான் அது பற்றிய வருத்தம் சாவதில்லை என்கிறார்கள்.

இதைப் படித்தபோதுதான் என் 18 வயதைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி நான் செய்துவந்த விசாரணை முழுவதும் தவறானது என்று புரிந்தது. அந்தப் பையன் சேராமல் விட்டது ஓர் ஆண்டில். 19 வயதில் சேராமல் விட்டவன் யார்? 25-இல்? 40-இல்? ஒவ்வோர் ஆண்டும் நான் அதே முடிவைப் புதிதாக எடுத்துக்கொண்டிருந்தேன்; பழியை மட்டும் அந்தச் சிறுவன் தலையில் போட்டுக்கொண்டிருந்தேன்.

வருத்தம் சொல்வதெல்லாம் உண்மை என்று நான் வாதிட வரவில்லை. படித்திருந்தால் எப்படியெல்லாம் இருந்திருப்பேன் என்று நான் கண்ட கனவில் தோல்வியே இல்லை. கடன் இல்லை, பிடிக்காத பாடம் இல்லை, படித்தும் வேலை கிடைக்காத நாள்கள் இல்லை. மெய்யான என் வாழ்க்கையைக் குறையே இல்லாத ஒரு கற்பனையோடு எடை போட்டேன். அதில் எந்த வாழ்க்கைதான் வெல்லும்? என் தொழிலை நான் நேசிக்கிறேன். பட்டம் பெற்றவர் உயர்ந்தவர், பெறாதவர் தாழ்ந்தவர் என்று நினைக்கும் பழக்கம் ஒழிய வேண்டும். விண்ணப்பத்தில் கல்வித் தகுதி என்ற கட்டத்தைப் பார்த்த மாத்திரத்தில் ஒருவரை ஒதுக்கும் வழக்கமும் கொடியது; தரச் சோதனைப் பிரிவுக்கு நான் இரண்டு முறை விண்ணப்பித்து இரண்டு முறையும் அந்தக் கட்டத்திலேயே நின்றவன் என்பதால் அதன் காயம் எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் காயத்தைக் காரணம் காட்டிக் கல்வியே வேண்டாம் என்று சொல்லத் துணியமாட்டேன்.

தானே படித்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நான் படித்தேன். ஆண்டுக்கணக்கில் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். தானே படிப்பவர் தனக்குப் பிடித்ததையும் எளிதில் பிடிபடுவதையும்தான் படிப்பார். பிடிபடாத பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுவார். யாரும் கேட்கப்போவதில்லை. என் அறிவு அப்படித்தான் ஆனது: சில இடங்களில் ஆழமான கிணறு, அதற்குப் பக்கத்திலேயே வறண்ட தரை. நெறிப்படி அமைந்த படிப்பு, நமக்குத் தேவை என்றே நமக்குத் தெரியாததை, பிடிக்கிறதோ இல்லையோ, வரிசை தவறாமல் முன்னே வைக்கிறது. நாம் எழுதியதை இன்னொருவர் படித்துத் தவறு என்று சொல்கிறார். அந்தச் சொல் கிடைக்காமல் 30 ஆண்டுகள் படித்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

சென்ற ஆண்டு எங்கள் பட்டறையில் பயிற்சியில் இருந்த 18 வயதுப் பையன் ஒருவன், கல்லூரியில் இடம் கிடைத்திருப்பதாகவும் போகலாமா வேண்டாமா என்றும் என்னைக் கேட்டான். "நீங்க போகலையே ஐயா, நல்லாத்தானே இருக்கீங்க?" என்றும் சேர்த்துக் கேட்டான். நான் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. "தம்பி, உனக்கு அந்தப் பாடம் பிடிக்கவில்லையா, அல்லது தோற்றுவிடுவோம் என்று பயமா? முதலாவது என்றால் உன் மனம் போல் செய். இரண்டாவது என்றால் உள்ளே போய்த் தோற்றுவிட்டு வா, இந்த லேத் எங்கும் ஓடிவிடாது" என்றேன். அவனிடம் கேட்டபோதுதான், என் 18 வயதில் நான் காட்டிய துணிச்சலுக்கு அடியில் இருந்தது பயம் என்பதை வாய்விட்டு எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆங்கிலத்தில் நடக்கும் கணித வகுப்பில் எல்லோர் முன்னாலும் விழிப்பேன் என்ற பயம். கைத்தொழில் மேல் இருந்த அன்பு உண்மை. ஆனால் அந்த அன்பைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டது அந்தப் பயம்.

ஆகவே ஆசிரியர் அவர்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான். படிப்பை விட்டு வென்றவர்களின் கதைகளை வெளியிடுங்கள். அவர்கள் விடுவதற்கு முன் எங்கே இருந்தார்கள், விட்ட பிறகு எதை இல்லாமல் தவித்தார்கள் என்பதையும் அதே பக்கத்தில் வெளியிடுங்கள். அதோடு, 30-ஐயும் 50-ஐயும் கடந்தவர்கள் திரும்பிச் சேரும் வழிகளை, மாணவர் சேர்க்கைக் காலத்தில் இளைஞர்களுக்குத் தரும் அதே அளவு இடத்தில் எழுதுங்கள். அந்த வழிகள் நேற்று வந்தவையல்ல. கல்லூரியில் சேர்ந்து பயிலாதவர்களும் தேர்வெழுதிப் பட்டம் பெறலாம் என்று லண்டன் பல்கலைக்கழகம் 1858-இலேயே கதவைத் திறந்தது. 1878-இல் பெண்களையும் பட்டத்துக்கு ஏற்றது. முன் தகுதி எதுவும் கேட்காத பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1969-இல் நிறுவப்பட்டு, 1971-இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. 1943-இல் சட்டம் படிக்கத் தொடங்கி முடிக்க முடியாமல் போன நெல்சன் மண்டேலா, தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தின் அஞ்சல்வழிப் படிப்பில் அந்தப் பட்டத்தைப் பெற்றது 1989-இல், 70 வயதில், சிறைக்குள்ளிருந்து.

நானும் இரண்டு ஆண்டுகளுக்கு முன் தொலைநிலைக் கல்வியில் கணிதப் பட்டப்படிப்பில் சேர்ந்தேன். சேர்க்கைப் படிவத்தை மூன்று மாதம் பையிலேயே வைத்திருந்தேன். பணி முடிந்து வந்து உட்கார்ந்தால் கண் சொக்குகிறது. நேற்று புரிந்தது இன்று மறந்துவிடுகிறது. என் மகளைவிட இளையவர் ஆசிரியர். முதல் ஒப்படைப்பு திரும்பி வந்தபோது பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை. ஓரிடத்தில் கழித்தல் குறிக்குப் பதிலாகக் கூட்டல் குறி போட்டிருந்ததைச் சுற்றி வட்டமிட்டு, "இங்கிருந்து மீண்டும் செய்க" என்று எழுதியிருந்தார். அந்தத் தாளை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

கடந்த மாதம் தொகையிடல் பாடம் வந்தது. பயிற்சிக் கணக்குகளை முடித்த பிறகு, யாரும் கேட்காத ஒரு கணக்கை நானே போட்டேன். ஒரு முனையில் இறுக்கிப் பிடித்த தண்டு, மறுமுனையில் விசை. அந்த விசை தண்டை வளைக்கும் திருப்பத்தை (பெண்டிங் மொமென்ட்) இரண்டு முறை தொகையிட்டால் நீளத்தின் மூன்றாம் அடுக்கு இரண்டு இடங்களில் வருகிறது. ஒன்று இரண்டால் வகுபட்டு, மற்றொன்று ஆறால் வகுபட்டு. அரையிலிருந்து ஆறில் ஒன்றைக் கழித்தால் மூன்றில் ஒன்று. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அந்தப் பொறியாளர் பலகையில் எழுதிய வாய்பாட்டின் அடியில், வகுக்கும் எண்ணாக, ஒரு மூன்று இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று அன்று எனக்குக் கேட்கக்கூடத் தெரியவில்லை. மறுநாள் காலை பணிக்குச் சற்று முன்னதாகவே போய், சாக்குக் கட்டியை எடுத்து, அதே இரும்புப் பலகையில் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை எழுதினேன். அந்தப் பயிற்சிப் பையன் இப்போது கல்லூரியில் இருக்கிறான். ஆகையால் அருகிலிருந்த மற்றொரு பையனைக் கூப்பிட்டு, அவனுக்குத்தான் முதலில் காட்டினேன்.

இங்ஙனம்,
லேத் தொழிலாளி ஒருவர்